‘டிஸ்கிரிமினேஷன்’: பகுத்தறிதலா, ஒலிவிலக்கா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கடற்கரை உலோகத் தேடலுக்கான தொடக்கநிலைக் கையேட்டின் சொற்பட்டியலில், ‘டிஸ்கிரிமினேஷன்’ (உலோகம் தேடும் கருவியில் வேண்டாத பொருள்களுக்கு ஒலி எழாதபடி செய்யும் அமைப்பு) என்பதற்கு நேராகப் ‘பகுத்தறிதல்’ என்று இட்டிருப்பதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. ‘பாகுபாடு’ வேண்டாம் என்று கோலாலம்பூர் அன்பர் சொன்னது சரியே. அச்சொல் சாதியையும் நிறத்தையும்தான் முதலில் நினைவூட்டும். ‘பகுத்தறிதல்’ தவறுவது வேறு வகையில். (1929-இல் பெரியார் பினாங்கில் வந்திறங்கிய காலம் தொட்டு நம்மிடையே அதற்கு இருக்கும் பொருளை நான் குறை சொல்லவில்லை.) அதைப் படிக்கும் புதியவர், கருவி தங்கத்தைத் தங்கமென்றும் தகரத்தைத் தகரமென்றும் அறிந்து சொல்வதாக நம்பிவிடுவார். கருவிக்கு அந்த அறிவு கிடையாது.

சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை எழுப்புகிறது. அப்புலம் மணலுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல்மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதிலிருந்து எழும் எதிர்ப்புலம் சற்றே பிந்திச் சுருளை வந்தடைகிறது. இந்தப் பிந்தலை அளந்து திரையில் ஓர் எண்ணாகக் காட்டுவதோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. பிந்தும் அளவோ உலோகத்தின் கடத்துதிறனை மட்டுமன்றிப் பொருளின் பருமனையும் தடிப்பையும் வடிவத்தையும் பொறுத்தது. ஆகவே பினாங்கின் ‘பத்து பெரிங்கி’ கடற்கரை மணலில் புதைந்திருக்கும் டின் பானத்தின் அலுமினிய இழுப்புவளையமும், குளிக்க வந்தவர் தவறவிட்ட மெல்லிய தங்க மோதிரமும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஒலியும் ஒன்றுபோலவே இருக்கும். சல்லடைக் கரண்டியால் அள்ளி, அலையில் அலசி, கண்ணால் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். இழுப்புவளையங்களைத் தோண்டிச் சலித்தவர் அந்த எண்களை ஒலிக்காதபடி செய்துவிட்டால், மோதிரத்தின் மேலேயே நடந்து போனாலும் அவருக்குச் செய்தி எட்டாது.

ஆக, உண்மையில் நடப்பது குறிப்பிட்ட எண்களுக்கு ஒலி எழாமல் விலக்குவது மட்டுமே. எனவே ‘ஒலிவிலக்கு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘வரிவிலக்கு’ போலச் சலுகைப் பொருள் தருமே என்று சிலர் கேட்கலாம். ‘மதுவிலக்கு’ என்ற சொல்லில் யாரும் சலுகையைக் காண்பதில்லை. ‘வடிகட்டல்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன்; அது மின்னணுவியலில் ஏற்கெனவே வேறு வேலைக்கு அமர்த்தப்பட்ட சொல்.

இச்சொல்லிலிருந்து பிறவும் எளிதில் கிளைக்கின்றன. எந்த எண் வரை ஒலி அடங்கும் என்பது ‘விலக்கெல்லை’. நடுவில் ஒரு பகுதியை மட்டும் அடக்கும் ‘நாட்ச்’ என்பது ‘இடைவிலக்கு’. எதையும் அடக்காத அமைப்பு ‘விலக்கில்லா நிலை’. தொடக்கக்காரர் இந்தக் கடைசி நிலையிலேயே பழக வேண்டும் என்று கையேடு சொல்வது நல்ல அறிவுரை. அதைப் ‘பகுத்தறியா நிலை’ என்று அச்சிட்டால் யார் பின்பற்றுவார்?

ஈரமணல் பற்றிய பத்தியையும் இதற்கேற்பத் திருத்த வேண்டும். உப்புநீர் ஊறிய மணல் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அலைவெண் கருவி அலையோரத்தில் ஓயாமல் பொய்யொலி எழுப்பும். அதை அடக்க விலக்கெல்லையை உயர்த்துவோருக்குச் சிறிய தங்கப் பொருள்களும் கேட்காமல் போகும். பல அலைவெண் கருவி அதை ஓரளவு சமாளிக்கும். துடிப்புத் தூண்டல் (‘பல்ஸ் இண்டக்‌ஷன்’) கருவி உப்பைப் பெரிதும் பொருட்படுத்தாது, ஆயினும் அதன் ஒலிவிலக்கு மிகக் குறைவு என்பதால் துருப்பிடித்த ஆணிகளையும் தோண்ட நேரும். ஒற்றை அலைவெண் கருவி மட்டுமே உள்ளவர் ஓதம் எட்டாத உலர்மணலில் தொடங்கட்டும்.

மண்ணின் தாக்கத்தை ஈடுசெய்யும் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்பதற்கான ‘மண்ணீடு’ பற்றி எனக்கு மறுப்பில்லை. கருவிக்குப் ‘புதையல்காணி’ என்று பெயரிடும் யோசனையை மட்டும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: நம் மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தில் புதையலுக்குத் தனி விதிகள் உள்ளன, பாரம்பரிய மதிப்புள்ள பொருள் கிடைத்தால் அதிகாரிகளிடம் தெரிவிக்கும் கடமையும் உண்டு. ‘உலோகங்காணி’ போதும்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள், தங்கள் சொல்லிலிருந்து ‘விலக்கெல்லை’க்கும் ‘இடைவிலக்கு’க்கும் இணையான சொற்களையும் ஆக்கிக் காட்டி எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து