தையலுக்கு உள்ளே விட்ட துணி

பேத்தி:

பாட்டி போய் ஒரு வருடம் ஆகிறது. ஆளுக்கு ஒன்று எழுதுங்கள் என்று எல்லோரையும் கேட்டிருந்தேன், யாரும் ஆரம்பிப்பதாகத் தெரியவில்லை. சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

கடைசி நான்கு வருடம் பாட்டிக்கு அல்சைமர். காலையில் சாப்பிட்டது மதியம் ஞாபகம் இருக்காது. என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு நாள் என் சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டது. சும்மாதான் அவள் கையில் ஊசியையும் நூலையும் கொடுத்தேன். கோக்க முடியவில்லை, கண் தெரியவில்லை. கோத்துக் கொடுத்ததும் நான்கு துளையிலும் மாற்றி மாற்றி ஓட்டினாள். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்தாள். "பொத்தான் கொஞ்சம் தூக்கி நிக்கணும். இல்லேன்னா போடுறப்போ துணி இழுக்கும்" என்றாள். இதைச் சொன்னவளுக்கு நான் யாரென்று தெரியாது.

மருத்துவரிடம் சொன்னேன், அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று மூளையின் ஹிப்போகேம்பஸ். புது ஞாபகம் பதிய அது வேண்டும். கை பழகிய வேலை வேறு பகுதிகளை நம்பி இருக்கிறது, அதனால் அது நெடுநாள் தாங்கும் என்றார். அப்புறம் தினமும் ஏதாவது ஒரு பழைய சட்டையின் பொத்தானை நானே அறுத்து அவளிடம் கொண்டுபோய் நீட்டுவேன். ஏமாற்று வேலைதான். ஆனால் முகம் தெளிந்துவிடும்.

மூத்த மருமகள்:

நீ எழுதியது கடைசிக் காலம். நான் பார்த்தது வேறு ஆள். மாமனார் இறந்த மூன்றாம் மாதம் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர் அத்தை. நான்கு பிள்ளைகள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் விடிவதற்கு முன்னாலேயே மெஷின் மிதிக்கிற சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். படுக்கப் போகும்போதும் அதே சத்தம். வாய் நிறையக் குண்டூசி வைத்திருப்பார், அதனால் எதைக் கேட்டாலும் 'ம்'தான். எந்த 'ம்' சம்மதம், எந்த 'ம்' கோபம் என்று பிரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

காசு விஷயத்தில் கறார். வாய்விட்டுக் கேட்கமாட்டார். பழைய பாக்கி வைத்திருக்கிறவரின் சட்டை என்றால் ஒரு கையை மட்டும் சேர்க்காமல் மாட்டி வைத்திருப்பார். "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்பார். பாக்கி வந்த பத்தாவது நிமிடம் கை சேர்ந்துவிடும்.

கடைசி மகன்:

எல்லோரும் நல்லதாகவே எழுதினால் அம்மாவுக்கே பிடிக்காது. மர ஸ்கேலால் அதிகம் அடி வாங்கியவன் நான். துணி வெட்டுகிற கத்தரியால் பட்டம் செய்யக் காகிதம் வெட்டினேன், அதற்கு. காகிதம் வெட்டினால் கத்தரி மழுங்கிவிடும் என்பதை அடித்த பிறகுதான் சொன்னாள். பள்ளியில் நான் பரிசு வாங்கிய ஒரு நாளுக்குக்கூட அவள் வந்ததில்லை. கையில் எப்போதும் யாருடைய துணியாவது இருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் அலமாரியில் என் பழைய பள்ளிச் சட்டை ஒன்று கிடைத்தது. மூன்றாம் வகுப்பில் தைத்தது, ஐந்தாம் வகுப்பு வரை அதைத்தான் போட்டேன். பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தால், பிரித்த தையலின் தடம் இரண்டு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை பிரித்து, கொஞ்சம் தள்ளித் தைத்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. சட்டை எப்போதும் சரியாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

கடைசித் தையலுக்கு உள்ளேயும் இன்னும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி மிச்சம் இருக்கிறது. வெயில் படாததால் அந்த நீலம் மட்டும் புதுசாக இருக்கிறது.

பேத்தி:

மாமா, அதைப் பிரித்துவிடாதீர்கள்.