வெப்பக் கவசச் சோதனைக்கு ஒரு தெர்மோகப்பிள் (அதிக வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரி) இரவல் கிடைக்குமா?

வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 11 பிள்ளைகள் கண்காட்சிக்காகத் தக்கை, பலகை, களிமண் மூன்றையும் ஒரே தடிப்பில் வெட்டி, கேஸ் டோர்ச்சால் முன்பக்கத்தைச் சுட்டு, பின்பக்கம் எவ்வளவு நேரத்தில் சூடாகிறது என்று பார்க்கிறார்கள். எங்கள் வெப்பமானி 110 பாகையோடு முடிந்துவிடுகிறது.

2022இல் ஆர்ட்டெமிஸ் 1 என்ற ஆளில்லா நிலாப் பயணம் முடிந்து திரும்பியபோது ஓரியன் விண்கலத்தின் வெப்பக் கவசத்தில் கரி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது, உள்ளே உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் வெடிப்பு விட்டதுதான் காரணம் என்பதை நாசாவின் ஏம்ஸ் நிலையத்தில், மின்வில்லால் சூடாக்கிய காற்றை மாதிரிகள் மேல் பாய்ச்சித்தான் கண்டுபிடித்தார்கள். தக்கை கரியாகிப் பெயர்வதைப் பார்த்த பிள்ளைகள் இந்தக் கதையை விடாமல் கேட்கிறார்கள், அதனால் அளவீட்டைச் சரியாகச் செய்ய ஆசை.

கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா பக்கம் யாரிடமாவது கே வகை தெர்மோகப்பிளும் அதை வாசிக்கும் மல்டிமீட்டரும் இருந்தால் இரண்டு வாரம் தாருங்கள், நானே வந்து எடுக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று, இந்த மழைக்காற்றில் சுவாலை ஆடுகிறது. ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு செப்புத் துண்டைச் சுட்டு, அது சூடேறும் வேகத்தை வைத்துச் சுவாலையை ஒப்பிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், துண்டு எவ்வளவு தடிப்பு இருக்க வேண்டும்?