மறைத்து வைத்த வின்ச்: லீவர் கைக்கு எட்டுமா, எட்டாதா?

குந்தா மேடு:
பூம்பாறைக்காரர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மஹிந்திரா தார் ஜீப்பின் முன் பம்பரைக் கழற்றி, உள்ளே மோதலைத் தாங்கும் கிராஷ் பீமை ஒட்டி வின்ச்சை, அதாவது புதைந்த வண்டியை ரோப் சுற்றி இழுக்கும் மோட்டாரை, பொருத்தி, கம்பெனி பம்பரையே திரும்ப மாட்டிவிட்டாராம். "மலையில் ஓட்டத் தெரிந்தவன் இப்படித்தான் வைப்பான், நீட்டு இரும்பு பம்பர் மாட்டி வெளியே வைப்பதெல்லாம் படம் பிடிக்கத்தான்" என்று தீர்ப்பு வேறு. மஞ்சூருக்கும் கெத்தைக்கும் இடையே மழைக்காலம் முழுக்க ஓட்டுகிறவன் கேட்கிறேன், கிளட்ச் லீவர் கைக்கு எட்டுமா? முன்சக்கரம் இரண்டும் புதைந்து பம்பர் சேற்றில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், லீவரைத் திருப்பி, ரோப் சுற்றிய டிரம்மை விடுவித்தால்தான் ரோப்பைக் கையால் இழுக்க முடியும். எட்டாவிட்டால் அது வின்ச் இல்லை, முன்னால் ஏற்றிய வெறும் பாரம்.

பூம்பாறை பாதை:
எட்டும். கியர்பாக்ஸ் பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றி, அதைத் திருப்பி மாட்டினால் லீவர் மேல்நோக்கி வந்துவிடும். கிரில்லுக்குக் கீழே கை நுழைகிற அளவுக்குத் திறப்பு விட்டிருக்கிறேன். நம்பர் பிளேட்டுக்குக் கீல் வைத்திருக்கிறேன், மடக்கினால் பின்னால் ஃபேர்லீட் என்கிற ரோப் வழிகாட்டி, அதன் வழியாக ரோப் வரும். நீங்கள் சொல்கிற நீட்டு பம்பரை மாட்டினால் கூக்கால் பக்கம் ஒவ்வொரு மேட்டிலும் மூக்கு இடிக்கும். மூக்கு இடிக்காமல் மேடேற 41 டிகிரிக்கு மேல் முன்கோணம் கொடுத்து கம்பெனி வண்டி கட்டியிருப்பதை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். இதெல்லாம் புரிய முதலில் வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்க வேண்டும்.

குந்தா மேடு:
இறக்கத் தெரியாதவனா நான்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது எங்கள் பக்கம் சாலை எது, சேறு எது என்றே தெரியவில்லை. அப்போதும் ஓட்டினோம். லீவர் மேலே வரும் என்கிறீர்கள், சரி. கையில் தடித்த உறை, திறப்பில் சேறு, மேலே மழை, பொழுதும் சாய்ந்துவிட்டது. அப்போது எட்டுமா?

கோவை தார்:
அண்ணா, லீவர் இருக்கட்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இவ்வளவு இரும்பை வைத்தால் காற்று எப்படிப் போகும்? ஊட்டி-மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, பாதி நேரம் முதல் கியர். வெப்பம் ஏறாதா?

குந்தா மேடு:
கல்லட்டியைப் பற்றி டி.என். 37 கோவை எண் வண்டிக்காரர் வகுப்பெடுக்கிறார். வெளி மாவட்ட வண்டியை அங்கே இறங்கவே விடமாட்டார்கள் தம்பி. ரேடியேட்டரை அப்புறம் பார்க்கலாம். லீவருக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோவை தார்:
ஏறுவதைத்தான் சொன்னேன், இறங்குவதை இல்லை. ஏறத் தடை இல்லை. வண்டி எண்ணைப் பார்த்து மரியாதை கொடுக்கிற பழக்கம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

சட்டப் பிரிவு:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதமே எழுதியது, முன்னால் கம்பித் தடுப்பு மாட்டுவது இந்தப் பிரிவை மீறுவது என்று. நீட்டு இரும்பு பம்பர் நேராக அதில் மாட்டும். மறைத்து வைத்ததும் தப்பாது. கிராஷ் பீமில் துளை போட்டிருந்தால் மோதும்போது அது மடங்க வேண்டிய விதமே மாறும், ஏர்பேக் சரியான நேரத்தில் விரியும் என்று யார் உத்தரவாதம் தருவது?

பூம்பாறை பாதை:
பீமில் ஒரு துளைகூடப் போடவில்லை. சாசியின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், இரண்டு முனையிலும் பிளேட் வைத்து போல்ட் போட்டிருக்கிறேன். படிக்காமலே சட்டம் பேச வந்துவிடுகிறார்கள். காற்றைப் பற்றிக் கேட்ட கோவைத் தம்பிக்கு: வின்ச் ரேடியேட்டரின் கீழ் விளிம்பை மட்டும்தான் மறைக்கிறது. பெருமாள்மலை ஏற்றத்தில் வெப்பம் காட்டும் முள் அசையவே இல்லை. லீவர் எட்டும். நூறு முறை கேட்டாலும் எட்டும்.

குந்தா மேடு:
எட்டும் எட்டும் என்று எழுதினால் எட்டிவிடாது. லீவரைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று நினைக்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்கிறேன். 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுவை என்று பெட்டியில் போட்டிருப்பது டிரம்மில் சுற்றிய ரோப்பின் முதல் அடுக்குக்கு மட்டும். மேலே ஒவ்வொரு அடுக்குக்கும் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைந்துகொண்டே போகும். முழு பலம் வேண்டுமானால் ரோப்பை முக்கால்வாசி வெளியே விட்டாக வேண்டும். லீவர் எட்டாதவன் என்ன செய்வான்? மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி விடுவான். பேட்டரி அங்கேயே களைத்துவிடும். பிறகு நிஜமான இழுவை வரும்போது மோட்டார் 400 ஆம்பியர் கேட்டால் எங்கே போவது?

அதோடு முடியவில்லை. நம் மலையில் நேர் எதிரே மரம் கிடைப்பது அபூர்வம், பாதி நேரம் சாய்வாகத்தான் இழுக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் ரோப் டிரம்மின் ஒரே ஓரத்தில் குவியும். வெளியே இருந்தால் கண்ணால் பார்த்து நிறுத்துவேன். பம்பருக்குள் இருந்தால், குவிந்த ரோப் வின்ச்சைத் தாங்கும் மவுண்ட்டில் உரசிக் கிழிந்த பிறகுதான் தெரியும். பார்க்கவே முடியாத இடத்தில் இருக்கிற லீவரைத் தொடுவேன் என்கிறார்!

பூம்பாறை பாதை:
சாய்வாக இழுப்பவன் ஸ்னாட்ச் பிளாக் என்கிற கப்பியைப் போட்டுத் திசையை மாற்றுவான். அதன் வழியாக ரோப் முனையை வண்டிக்கே திருப்பிக் கட்டினால் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும், மோட்டாருக்கும் பாதிச் சுமை. ஆனால் என் ஸ்னாட்ச் பிளாக் என்னிடம் இல்லையே. மன்னவனூர் சந்திப்பில் ஒருவர் வாங்கிப் போனார், இன்னும் வரவில்லை. யார் என்று அவருக்குத் தெரியும்.

குந்தா மேடு:
அதை அன்றைக்கே உங்கள் தம்பி கையில் கொடுத்துவிட்டேன். வாதத்தில் தோற்கிறபோதெல்லாம் அந்தக் கதையை எடுக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் வாட்டில் மரத்தில் ஸ்ட்ராப் கட்டியதைச் சொல்லட்டுமா? ஆழமாக வேர் விடாத மரம். இழுத்ததும் மண்ணோடு சாய்ந்தது, கீழே நின்றவர்கள் ஓடினார்கள்.

பூம்பாறை பாதை:
அது மழையில் ஏற்கெனவே சாய்ந்த மரம். என் தம்பி உங்களிடம் எதுவும் வாங்கவில்லை, இப்போதுதான் கேட்டேன்.

கோவை தார்:
இரண்டு பேரும் கம்பி ரோப்பா, செயற்கை இழையில் செய்த சிந்தெடிக்கா என்றே சொல்லவில்லை. கம்பி அறுந்தால் பாய்ந்து வந்து ஆளை வெட்டும். சிந்தெடிக்கில் அந்த வேகம் இருக்காது.

குந்தா மேடு:
சிந்தெடிக் ரோப்பை உள்ளே மறைத்து வைத்தால் சேறும் மணலும் இழைக்குள் புகுந்து அறுக்கும். ஒவ்வொரு முறையும் முழுக்க வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். எடுக்க எது வேண்டும்? லீவர்.

பூம்பாறை பாதை:
எட்டும். படம் போடுகிறேன், முதலில் பிளாக்கை அனுப்புங்கள்.

குந்தா மேடு:
கொடுத்துவிட்டேன் என்று சொன்னேனே.