பென்டியம் ஜி4560-ஆ, எஃப்எக்ஸ்-6300-ஆ? ஒரே விலையில் கிடைத்தால் எதை வாங்கலாம்?

புதியவன்_27 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகள் இவ்வாண்டு கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறாள். புதிய கணினி வாங்க இப்போது வசதியில்லாததால் பழைய கணினிகளை விற்கும் கடையொன்றில் விசாரித்தேன். அங்கே இரண்டைக் காட்டினார்கள். முதலாவதில் ஏஎம்டி எஃப்எக்ஸ்-6300 புராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை உள்ளன. இரண்டாவதில் இன்டெல் பென்டியம் ஜி4560, ஹெச்110 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஆகியவை உள்ளன. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. இரண்டிலும் எஸ்.எஸ்.டி. உண்டு, விலையும் ஒன்றுதான்.

நிரல் எழுதுவது, யூடியூபில் பாடங்கள் பார்ப்பது, எப்போதாவது ஒரு சிறிய வீடியோவை வெட்டி ஒட்டுவது ஆகியவைதான் அவளுக்குத் தேவை, விளையாட்டுகளில் நாட்டமில்லை. ஆறு கோர்களும் கிராஃபிக்ஸ் கார்டும் கிடைக்கிற விலைக்கு இரண்டு கோர் உள்ளதை ஏன் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கடைக்காரரே இரண்டாவதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அவர் சொல்வதில் ஏதேனும் பொருள் இருக்கிறதா?

மின்தடையம் எழுதியது:

கடைக்காரர் சொன்னது சரிதான். கோர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இவ்விரண்டையும் ஒப்பிட முடியாது.

எஃப்எக்ஸ்-6300 என்பது 2012 அக்டோபரில் 132 டாலர் விலையில் வந்த 32 நானோமீட்டர் சிப். அதிலுள்ள ஆறு கோர்கள் மூன்று மாட்யூல்களாக அமைந்தவை. ஒரு மாட்யூலுக்குள் இருக்கும் இரண்டு கோர்களும், கட்டளைகளை எடுத்துப் பிரிக்கும் முன்பகுதியையும் தசமக் கணக்குகளைச் செய்யும் பகுதியையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. விண்டோஸ் 10-இன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், அதுவே இதனை மூன்று கோர், ஆறு லாஜிக்கல் புராசஸர் என்றுதான் காட்டும். இதே அமைப்பில் நான்கு மாட்யூல் உள்ள சிப்களை எட்டுக் கோர் என்று விற்றது முறையா என்று எஃப்எக்ஸ்-8000, 9000 வரிசைகளை முன்வைத்து அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2019-இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு ஏஎம்டி உடன்பாடு செய்துகொண்டது. 6300 அந்த வழக்கில் இல்லை என்றாலும் அதன் கட்டமைப்பும் அதுவேதான்.

ஜி4560 2017 ஜனவரியில் 64 டாலர் விலையில் வந்தது. கேபி லேக் எனப்படும் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த 14 நானோமீட்டர் சிப், 3.5 கிகாஹெர்ட்ஸ் வேகம், இரண்டு கோர், நான்கு திரெட். அதுவரை ஐ3-க்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஹைப்பர் திரெடிங்கை, அதாவது ஒரு கோரையே இரண்டு வேலைத்தொடர்களை (திரெட்) ஒருசேர ஓட்டவைக்கும் வசதியை, இன்டெல் இந்த மலிவான பென்டியத்துக்கும் கொடுத்துவிட்டதால்தான் அப்போது அதற்கு அவ்வளவு வரவேற்பு இருந்தது. எஃப்எக்ஸின் அடிப்படை வேகமும் அதே 3.5 கிகாஹெர்ட்ஸ்தான், டர்போவில் 4.1 வரை போகும். அப்படிப் போனாலும், ஒரு கோர் தனியாகச் செய்யும் வேலையில் பென்டியம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முன்னால் நிற்கும். பிரவுசர் திறப்பது, எடிட்டரில் தட்டுவது, சிறு நிரலை ஓட்டிப் பார்ப்பது என்று அவள் நாள் முழுவதும் செய்யப்போகிற வேலைகள் பெரும்பாலும் அந்த ஒற்றைக் கோர் வேகத்தையே நம்பியிருக்கின்றன.

யூடியூபைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வரும் விபி9 வடிவ வீடியோக்களை ஜி4560-க்குள் இருக்கும் ஹெச்டி 610 கிராஃபிக்ஸ் தானே விரித்துக் காட்டிவிடும். புராசஸருக்குச் சுமையே தெரியாது. 2014-இல் வந்த 750 டிஐ-க்கு அந்த வசதி இல்லாததால், அவ்வேலை எஃப்எக்ஸின் தலையில் விழும். விளையாட்டு வேண்டாம் என்றால், அந்தக் கார்டு படம் காட்டுவதற்கு மட்டுமே பயன்படும்.

பழையசர்க்யூட் எழுதியது:

ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எஃப்எக்ஸ்-6300 வைத்திருந்தவன் என்ற முறையில் அதன் பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன்.

எல்லாக் கோர்களையும் முழுதாக வேலை வாங்கும் இடங்களில், அதாவது வீடியோவை எச்.264 வடிவத்துக்கு மாற்றுவது, பெரிய நிரல்தொகுப்பை கம்பைல் செய்வது போன்றவற்றில், அது ஜி4560-க்குச் சமமாக நிற்கும், சில வேளைகளில் சற்று முந்தவும் செய்யும். அதன் வேகத்தை முடிவு செய்யும் மல்டிப்ளையர் பூட்டப்படாதது. நல்ல மதர்போர்டும் நல்ல கூலரும் இருந்தால் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. 2018-இல் வெளிவந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாடு இன்டெல் சிப்களைப் பாதித்ததைப் போல இதனைப் பாதிக்கவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் நான் சொன்ன அந்த "நல்ல மதர்போர்டு" என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மலிவான 760ஜி போர்டுகள் பலவற்றில் புராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் கூட இருக்காது. என்னிடம் இருந்த போர்டு அப்படிப்பட்டதுதான். கோடைப் பகலில் பத்து நிமிடம் வீடியோ மாற்றினால் போதும், சூடு தாங்காமல் வேகம் தானாகவே இறங்கிவிடும். கூடவே வந்த கூலர் எழுப்பிய இரைச்சலைக் கேட்டு, மிக்சி ஓடுகிறதா என்று வீட்டில் கேட்பார்கள். கடையில் இருப்பது எந்தப் போர்டு என்று பார்க்காமல் அதை வாங்காதீர்கள்.

மின்செலவும் உண்டு. எஃப்எக்ஸ் 95 வாட் வகை, பென்டியம் 54 வாட் வகை; கிராஃபிக்ஸ் கார்டு தனி. உழைக்கும் நேரத்தில் 60 வாட் கூடுதல் என்று வைத்து நாளுக்கு 5 மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 9 யூனிட் ஆகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் யூபிஎஸ் தாங்கும் நேரம் குறையும்.

நிரலி எழுதியது:

இருவரும் தொடாத ஒன்று இருக்கிறது. கணினி அறிவியல் படிக்கிறவருக்கு அதுதான் முக்கியம். பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிட உதவும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் பென்டியம் ஜி4560-இல் இல்லை. இன்டெல் அதை ஐ3-க்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் மட்டுமே வைத்துக்கொண்டது. அதைவிடப் பழையதான எஃப்எக்ஸ்-6300-இல் ஏவிஎக்ஸ் உண்டு. அதன் அடுத்த வடிவமான ஏவிஎக்ஸ்2 இரண்டிலும் இல்லை.

இது ஏட்டளவிலான குறையன்று. இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோ மென்பொருளின் 1.6 பதிப்பிலிருந்து அதிகாரபூர்வமாகத் தொகுத்துத் தரப்படும் கோப்புகள் ஏவிஎக்ஸ் இல்லாத புராசஸரில் இயங்குவதில்லை. தரவுத்தள மென்பொருளான மாங்கோடிபி 5.0-க்கும் ஏவிஎக்ஸ் வேண்டும். இரண்டாம் ஆண்டில் செய்முறை வகுப்புக்காக மாங்கோடிபியை நிறுவிவிட்டு, "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்ற ஒற்றை வரியோடு அது நின்றுபோனதைப் பார்த்து, தன் நிரலில்தான் பிழை என்று எண்ணி ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவள் நான்.

அப்படியிருந்தும் நான் ஜி4560-ஐத்தான் பரிந்துரைப்பேன். ஹெச்110 போர்டில் அது ஓடுகிறது என்றாலே, கேபி லேக்குக்கு வேண்டிய பயாஸ் (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) அதில் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். ஆகவே பின்னாளில் ஐ5-7500 ஒன்றைப் பழையதாக வாங்கி அதே போர்டில் பொருத்தினால், நான்கு முழுக் கோர்களும் ஏவிஎக்ஸ்2-உம் கிடைத்துவிடும். இன்டெல்லின் எட்டாம் தலைமுறை மட்டும் வேண்டாம். சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்தப் போர்டில் அது வேலை செய்யாது. எஃப்எக்ஸை வாங்கினாலோ, அதே சாக்கெட்டில் இன்னும் அதிகம் சூடாகும் 8350 போன்றவற்றைத் தவிரப் போக்கிடமில்லை. அதுவரை டென்சர்ஃப்ளோவை, கூகுளின் கணினிகளில் நிரலை ஓட்டவிடும் இணையச் சேவையான கூகுள் கோலாபில் பழகலாம், மாங்கோடிபிக்கு 4.4 பதிப்பு போதும்.

எதை வாங்கினாலும் விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இவ்விரண்டும் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. முதல் நாளிலேயே லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிடுங்கள். படிப்புக்கும் அதுதான் உதவும்.

புதியவன்_27 எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று மாலை மீண்டும் கடைக்குப் போய், எஃப்எக்ஸ் இருந்த பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். 760ஜி போர்டுதான், ஹீட்சிங்க் இல்லை. ஜி4560-ஐயே எடுத்துக்கொண்டேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லையே என்று விலையைக் குறைக்கச் சொன்னேன், அவர் மசியவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். அதை வாங்கிப் போடலாமா?

மின்தடையம் எழுதியது:

தயங்காமல் வாங்குங்கள். ஹெச்டி 610-க்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஆகவே இரண்டு ஸ்டிக்குகளும் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓடினால் அதற்கும் நன்மைதான். இரண்டாவதும் 2400 வேகத்தில் உள்ளதா என்று ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். அதைவிடக் குறைந்த வேகம் என்றால் இரண்டுமே அந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.