நியூ ட்ரியர் உயர்நிலைப் பள்ளி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சிகாகோவின் வடக்குப் புறநகர்ப் பக்கம் வீடு மாற்றுகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பில் சேரப்போவது நியூ ட்ரியரில். அங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழ்ப் பெற்றோர் யாராவது இருந்தால் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

1901இல் வின்னெட்காவில் தொடங்கிய அரசுப் பள்ளி, நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனும் அமெரிக்காவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் படித்த இடம் என்பதெல்லாம் தெரியும். பெருமை இருக்கட்டும், என் கவலை வேறு.

முதலாவது, பாட நிலைகள். ஒவ்வொரு பாடத்திலும் 2, 3, 4 என்று பிரிக்கிறார்களாம். 4 என்றால் ஹானர்ஸ், அதாவது கடினமான மேல்நிலை. கணக்கில் மகள் கெட்டி, ஆங்கிலக் கட்டுரை என்றால் திணறுவாள். கணக்கில் 4, ஆங்கிலத்தில் 3 என்று தொடங்கினால் பிறகு மேலே ஏற்றுவார்களா? எல்லாவற்றிலும் 4 வாங்கிவிடு என்கிறார் என் மைத்துனர். அவர் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம் நீச்சல். மாநிலப் பட்டங்களைக் குவித்த பள்ளி, போட்டி கடுமையாகத்தான் இருக்கும். இல்லினாயில் பெண்கள் நீச்சல் இலையுதிர்காலத்தில் வருவதால் அணித் தேர்வு ஆகஸ்டிலேயே நடக்கும். கிளப்பில் நீந்திப் பழகாத பெண்ணுக்கு இடம் கிடைக்குமா? இல்லையென்றால் வாட்டர் போலோ பக்கம் போகலாமா?

ஒன்பதாம் வகுப்புக்கு நார்த்ஃபீல்டில் தனி வளாகம். அங்கிருந்து மாலைப் பயிற்சி முடித்து வீடு திரும்பப் பேருந்து உண்டா, நாங்கள்தான் கார் ஓட்ட வேண்டுமா? இருவரும் வேலைக்குப் போகிறோம், அதனால் இதற்கு முதலில் பதில் சொன்னால் நல்லது.