இடைநிலைப்பள்ளியில் ஆண்டுக்கொரு போதைப்பொருள் சொற்பொழிவு போதுமா?

கேள்வி: கோலக்கெட்டில் பெற்றோர்

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலக்கெட்டிலுக்கு அருகிலுள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறேன். என் மகன் இவ்வாண்டுதான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1-க்குச் சென்றிருக்கிறான். ஆண்டுதோறும் பிப்ரவரி 19-இல் வரும் தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நாளையொட்டி மண்டபத்தில் கண்காட்சியும் சொற்பொழிவும் நடக்கின்றன. கருகிய நுரையீரல் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளைகள், மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிவிடுகிறார்கள். இம்முறை பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரை அழைத்துப் பேசவைக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். கழிப்பறையில் வேப் (மின்சிகரெட்) புகைவதும், பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ‘கெத்தும்’ என்ற மரத்தின் இலையைக் காய்ச்சிய போதை நீர் பிளாஸ்டிக் பையில் கைமாறுவதும் ஊரறிந்தவை. எங்களிடமுள்ள சிறு தொகையை எதற்குச் செலவிடலாம்?

மறுமொழி 1: ஆலோசக ஆசிரியை, பேராக்

ஐயா, அந்தச் சொற்பொழிவுக்குச் செலவிட வேண்டாம். ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் புதுப்பித்து வெளியிட்ட தடுப்பு நெறிகள், அச்சமூட்டும் பேச்சையும் முன்னாள் பயனாளர்களின் அனுபவ உரையையும் பயனற்ற அணுகுமுறைகளோடு சேர்த்தே குறிப்பிடுகின்றன. மீண்டவர் மேடையில் திடகாத்திரமாக நின்று பேசும்போது, ‘பழகினாலும் மீண்டுவிடலாம் போலும்’ என்று எண்ணிக்கொள்ளும் மாணவனை நானே பார்த்திருக்கிறேன். அந்நெறிகள் பரிந்துரைப்பது, வாரம் ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள், பயிற்சி பெற்றவர் நடத்தும் உரையாடல், அடுத்த ஆண்டுகளில் அதன் தொடர்ச்சி. பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கி, நண்பன் வேப்பை நீட்டினால் முகம் முறியாமல் எப்படி மறுப்பது என்று நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘எல்லாரும் இழுக்கிறார்கள்’ என்ற நினைப்புதான் பலரை உள்ளே தள்ளுகிறது. உண்மையில் இழுக்காதவர்களே பெரும்பான்மை என்று அவர்களுக்குத் தெரிவதே பாதி வேலை. சிறிய தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆயிரம் பேர் கொண்ட பள்ளிக்கு வந்து, தெரிந்த முகம் தேடும் படிவம் 1 மாணவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்)

எங்கள் காலத்தில் லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள், புகுந்த தலைவலி சம்சு என்ற மலிவுச் சாராயம். கெத்தும் அப்படி வரவில்லை. மரம் வீட்டுக்கொல்லையிலேயே நிற்பதாலும், களைப்புக்கும் காய்ச்சலுக்கும் பெரியவர்கள் அதன் இலையைக் காய்ச்சிக் குடித்ததாலும், அதை மருந்தென்றே பிள்ளைகள் நம்புகிறார்கள். அதிலுள்ள மித்ராஜினின் என்ற வேதிப்பொருள், மார்ஃபின் செயல்படும் அதே மூளை ஏற்பிகளில் வேலை செய்கிறது. இருமல் மருந்தைக் கலக்கும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. 1952 ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் இதற்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 4 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இதைப் பிள்ளைகளுக்கு முன்பு அவர்களுடைய பாட்டன்மாருக்குச் சொல்லுங்கள். தமிழில், கோயில் மண்டபத்தில் சொல்லுங்கள்.

மறுமொழி 3: ஒரு தகப்பன்

2023 மார்ச் 31-இல் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்; சிறுவருக்கு விற்கவும் தடையில்லாமல் போயிற்று. 18 வயதுக்குட்பட்டோருக்கு வேப் விற்பதைத் தடுக்கும் சட்டம் 2024 அக்டோபர் 1-இல்தான் அமலுக்கு வந்தது. அந்த இடைவெளியில் என் மகன் பிடிபட்டான். பள்ளி அவனை இரு வாரம் வீட்டுக்கு அனுப்பியது. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட, அந்த இரு வாரத்தையும் வேப் கொடுத்த பையன்களோடுதான் அவன் கழித்தான். தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிடிபடும் பிள்ளையைப் பள்ளிக்குள்ளேயே வைத்து, ஆலோசகரிடம் அனுப்பும் வழியை உங்கள் சங்கம் தலைமையாசிரியரிடம் முதலில் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. சொற்பொழிவைக் கைவிடுமாறு அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். ஆசிரியை அவர்களே, அந்த அமர்வுகளை நடத்த எங்கள் ஆலோசக ஆசிரியர் ஒருவரே போதுமா, வகுப்பாசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டுமா?