கற்பூர மர இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள்: ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் குறைவது ஏன்?

கேள்வி (முதுகலை மாணவி, உதகை)

வணக்கம். கற்பூர மரத்து இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் ஒரு பங்கை 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒன்பது பங்குடன் கலந்தேன். வெளிர்மஞ்சள் மெல்லப் பழுப்பேறியது. நிறமாலைமானியில் 430 நானோமீட்டர் அருகே, வெள்ளி நானோ துகள் உருவானதைக் காட்டும் முகடும் கிடைத்தது. ஆனால், டி.பி.பி.எச். சோதனையில் (டி.பி.பி.எச். என்னும் சேர்மத்தின் ஊதாக் கரைசல் எவ்வளவு வெளுக்கிறது என்று அளப்பது) துகள்களைவிட வெறும் இலைச்சாறே கூடுதல் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைக் காட்டுகிறது. நான் படித்த கட்டுரைகள் சில இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. செய்முறையில் பிழை இருக்கிறதா? குளிர் மிகுந்த நாட்களில் நிறமாற்றம் மறுநாள் வரை இழுப்பதற்கும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி (ஆய்வகப் பணியாளர், குன்னூர்)

நிறமாற்றம் தாமதமாவதற்குக் குளிரே காரணம். கலவையை 60 டிகிரி செல்சியஸ் நீர்த்தொட்டியில் வைத்தால் வெள்ளி அயனிகள் விரைவாக ஒடுக்கமடையும், அதாவது எலக்ட்ரான் பெற்று உலோக வெள்ளியாகும். உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், 'கொதிக்கவைத்தேன்' என்று மட்டும் குறிக்காமல் வெப்பநிலையையும் நேரத்தையும் பதிவு செய்யுங்கள். குழாய் நீர் துளி கலந்தாலும் அதிலுள்ள குளோரைடு வெள்ளியுடன் சேர்ந்து கலவையை வெண்மையாகக் கலங்கச் செய்துவிடும்.

மறுமொழி (பேராசிரியர், கொடைக்கானல்)

நீங்கள் கண்டது பிழையாக இருக்க வேண்டியதில்லை, வேதியியல்படி எதிர்பார்க்கக்கூடியதே. இலையிலுள்ள பாலிஃபீனால்கள் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரச் சேர்மங்கள்) எலக்ட்ரான்களை வழங்குவதால்தான் வெள்ளி அயனி உலோக வெள்ளியாகிறது. அதே வழங்கும் தன்மைதான் டி.பி.பி.எச்.சின் ஊதா நிறத்தையும் மஞ்சளாக்குகிறது. வெள்ளிக்கு எலக்ட்ரானை வழங்கிவிட்ட ஃபீனால், ஆக்சிஜனேற்றமடைந்த வடிவமான குயினோனாக மாறிவிடுவதால், அதனிடம் மிஞ்சும் திறன் குறைவுதான். துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் இலைச் சேர்மங்களே பெருமளவில் நீங்கள் அளக்கும் திறனைத் தருகின்றன என்பது என் கருத்து. ஆகவே, கழுவாத கலவையைச் சோதித்துவிட்டு 'நானோ துகளின் திறன்' என்று எழுதும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

துகள்களை மையவிலக்கியில் படியவைத்து, மேல்நீரை நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் கலக்கிப் பலமுறை கழுவுங்கள். கடைசியாகக் கழுவிய நீரைத் தனியே டி.பி.பி.எச்.சுடன் சேர்த்துப் பாருங்கள். ஊதா வெளுத்தால் கட்டற்ற சாறு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. கழுவிய துகள்களின் பழுப்பு நிறமே, டி.பி.பி.எச்.சின் ஊதாவை அளக்கும் 517 நானோமீட்டர் அளவீட்டைப் பாதிக்காதா?

மறுமொழி (பேராசிரியர், கொடைக்கானல்)

நிச்சயமாகப் பாதிக்கும். 430-இல் உள்ள முகட்டின் சரிவு 517 வரை நீள்வதால், துகள்களின் உறிஞ்சலும் சேர்ந்து திறனைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு செறிவுக்கும் டி.பி.பி.எச். சேர்க்காமல் மெத்தனாலும் துகளும் மட்டும் கொண்ட குழாய் ஒன்றை வைத்து, அதன் உறிஞ்சலைக் கழித்துவிடுங்கள். சாறு, கழுவிய துகள், ஒப்பீட்டு அளவுகோலான அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே டி.பி.பி.எச். கரைசலில், 30 நிமிடம் இருட்டில் வைத்து அளந்தால்தான் ஒப்பீடு செல்லும்.